உ 62

உ
ஆடி 8, திங்கள்

பழைய நோட்டு நேற்றோடு முடிந்தது. இது புதுசு, 192 பக்கம். மூலையில் மஞ்சள் தொட்டு வைத்தேன். சிலிண்டர் மாற்றிய நாள், பால் அட்டை, எதில் எத்தனை கிராம் போட்டேன் என்பதெல்லாம் இனி இதில். எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள்தான். மீதியை நானே எழுதி எழுதிக் கற்றுக்கொண்டேன். கணக்கில் தப்பியதில்லை. நாட்கணக்கும் அப்படித்தான். கரட்டு முருகன் கோவில் வழியாகப் போன மினி பஸ் நின்று இன்றோடு 41 நாள்.

பதினோரு வருஷமாகக் கிருத்திகைப் பொங்கல் என் கையால்தான் அந்தக் கோவிலுக்குப் போகிறது. பித்தளைப் போசியோடு ஏழு கிலோ. போன மாதம் நடந்து பார்த்தேன். 52 நிமிஷம். போய்ச் சேர்ந்தபோது பொங்கல் ஆறிவிட்டது, என் குதிகாலும் வீங்கிவிட்டது. அந்த நேரத்துக்கு என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போயாக வேண்டும்.

மத்தியானம் சோறு போடும்போது எனக்கு ஒரு சைக்கிள் செய்து கொடுங்கள் என்று கேட்டேன். பட்டறையில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும்தான் பிழைப்பு என்றாலும், கையில் ஒரு குழாய் கிடைத்தால் வளைத்து எதையாவது செய்துகொண்டே இருப்பவர். ஒற்றைக்கால் நாற்காலி ஒன்று செய்திருக்கிறார். அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. நாற்பத்தாறு வயதில் சைக்கிளா என்று சிரித்தார். பிறகு இரண்டாம் தடவை ரசம் கேட்டார்.

மாத மளிகைச் சீட்டு எழுதி அவர் சட்டைப் பையில் வைத்தேன். 25 அரிசியில் ஆரம்பித்து 14 சாமான். கடைக்குப் போவது எப்போதும் அவர்தான். சாமானும் சீட்டும் வந்ததும் சரிபார்த்துக் கம்பியில் குத்திவிடுவது என் வேலை.

உ
ஆடி 11, வியாழன்

சிரித்தவர் இன்று வேறு முகத்தோடு வந்தார். தொழில் கண்காட்சியில் புது மாதிரி சைக்கிளுக்குப் போட்டி வைத்திருக்கிறார்களாம். விண்ணப்பத்தை என்னிடம் கொடுத்து நிரப்பச் சொன்னார். காற்றைக் கிழித்துப் போவதற்கு 40 மதிப்பெண், தோற்றத்துக்கு 30, அன்றாடப் பயன்பாட்டுக்கு 30. யாருக்காகச் செய்தது என்று ஒரு கட்டம்.

"சேலை கட்டற பொம்பளைங்களுக்குன்னு எழுது. உன்னையாட்டம் ஆளுகளுக்கு."

அந்த வரி மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தாக விழுந்துவிட்டது.

என்னென்ன வேண்டும் என்று கேட்டார். கல்யாணமாகி 24 வருஷத்தில் இந்தக் கேள்வியை இப்போதுதான் கேட்கிறார். போசி அசையாமல் உட்கார ஒரு கேரியர். முந்தானை சக்கரத்தில் சிக்கக் கூடாது. ஏறும்போது சேலையைத் தூக்கக் கூடாது. அவ்வளவுதான். சமையலறைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, கொசுவத்தைக் கையால் பிடிக்காமல் கால் எவ்வளவு உயரம் தாண்டும் என்று பார்த்தேன். 38 சென்டிமீட்டர். 39-இல் கரை தட்டியது.

உ
ஆடி 19, வெள்ளி

சோதனை வண்டி தயார். கழிவுக் குழாயில் செய்தது. சீட்டுக்கு முன்னால் குறுக்குக் கம்பியே கிடையாது. ஹேண்டிலிலிருந்து ஒரே தடித்த குழாய் கீழே இறங்கி, தாழ்வாக ஓடி, பின்பக்கம் ஏறுகிறது. சின்னச் சக்கரம், இருபது அங்குலம். காய்கறித் தராசில் நிற்காது என்பதால் பட்டறையின் தொங்கு தராசில் போட்டோம். 19 கிலோ 300.

பட்டறையில் இருபது வருஷமாக வெல்டிங் செய்கிற ஆறுச்சாமியண்ணன் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அம்மிணி, எரும படுத்திருக்கறாப்ல இருக்குதுங்க" என்றார். பக்கவாட்டில் நின்று பாருங்கள், உ மாதிரி இருக்கிறது என்றேன். தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, உளியை எடுத்து வளைவின் அடியில் சின்னதாக ஒரு உ கொத்தினார். சுழி போட்டாகிவிட்டது, இனி ஓடும் என்றார்.

உ
ஆடி 22, திங்கள்

இரண்டு தடவை விழுந்தேன். முழங்கையில் தோல் போனது. மஞ்சள் வைத்தேன். ஆறுச்சாமியண்ணன் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்தார். நான்காம் சுற்றில் அண்ணா விட்டுடாதீங்க என்று திரும்பிப் பார்த்தால், அவர் பட்டறைக் கேட்டோரம் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருக்கிறார்.

உ
ஆடி 24, புதன், ஆடிக் கிருத்திகை

பச்சரிசி 600, பாசிப்பருப்பு 200, வெல்லம் 1 கிலோ, நெய் 150. போசியைக் கேரியரில் வைத்து ரப்பர் டியூபால் கட்டினேன். அரக்குச் சேலை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பதினேழு நிமிஷம்.

ஓடை வளைவில் காற்று முகத்தில் அடித்தது. இந்தப் பாதையில் மினி பஸ்ஸில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், ஓடைக்கு அந்தப் பக்கம் இரண்டு புங்க மரம் இருப்பது தெரியாது. மூடியைத் திறந்தபோது ஆவி வந்தது. குருக்கள் என் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று கேட்டார். நானேதான் என்றேன். அவர் மறுபடியும் எட்டிப் பார்த்தார்.

முருகா, இன்றைக்கு நான் எதையும் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "வளைவுல பிரேம் ஆடுச்சா?" கொஞ்சம் ஆடியது என்றேன். குறித்துக்கொண்டார்.

உ
ஆவணி 3, ஞாயிறு

காற்றுக்கு 40 மதிப்பெண் என்பதால் அவருக்கு இப்போது அதே சிந்தனை. காற்று எங்கே முட்டுகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தால்தானே என்றார். சாம்பிராணி போடலாமே என்றேன். பட்டறையில் பெரிய ஃபேனை வைத்து, முன்னால் தூபக்காலோடு நான் நின்றேன். புகை உருண்டைக் குழாயில் மோதி, அதன் பின்னால் சுருண்டு சுருண்டு அங்கேயே நிற்கிறது. அகலத் தட்டிய ஒரு குழாயை வைத்துப் பார்த்தோம். அங்கும் சுருண்டது. பூஜையறை வேலின் இலை போல முன்னால் உருண்டு பின்னால் கூராக இருந்தால் என்ன என்று தோன்றியது. ஆறுச்சாமியண்ணன் தகட்டை அப்படி வளைத்து மாட்டினார். புகை இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு போய்ப் பின்னால் ஒன்றாகச் சேர்ந்தது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். தூபக்கால் கையைச் சுட்ட பிறகுதான் கீழே வைத்தேன்.

பின் சக்கரக் கம்பிகளிலும் புகை சிதறியது. சேலை சிக்காமல் இருக்கச் சக்கரத்தையே பிளாஸ்டிக் தகட்டால் மூடிவிட்டால் காற்றுக்கும் ஆகும், முந்தானைக்கும் ஆகும் என்று சொன்னேன். அவர் சாயங்காலம் தகடு வாங்கப் போனார்.

உ
ஆவணி 6, புதன்

எடை குறைக்கிறார். இன்று கழற்றியவை: மட்கார்டு இரண்டும் 640 கிராம், செயின் கவர் 390, ஸ்டாண்டு 480. இவை என் சமையலறைத் தராசில் நிறுத்தவை, சரியாக இருக்கும். கேரியரையும் கழற்றினார், 910. போசியை எங்கே வைப்பது என்று கேட்டேன். பார்வைக்கு வைக்கும்போது வேண்டாம், அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்றார். எல்லாவற்றையும் கோணிப்பையில் போட்டுப் பரணில் வைத்தேன். கோணியின் மேல் எடை எழுதிவிட்டேன்.

சாப்பிடும்போது இரண்டு குறை சொன்னார். நடுக்குழாய் இவ்வளவு கீழே இருந்தால் பிரேம் ஆடத்தான் செய்யும் என்பது ஒன்று.

"இன்னொண்ணு, எப்படிப் பாத்தாலும் லேடீஸ் சைக்கிளாட்டமே இருக்குது."

யாருக்காக என்ற கட்டத்தில் என்ன எழுதச் சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன்.

உ
ஆவணி 13, புதன்

போட்டி வண்டிக்கு மெல்லிசுக் குழாய் வந்துவிட்டது. வளைக்கிற மெஷின் வேறொரு பட்டறையில்தான் இருக்கிறது. அவரே கொண்டுபோகிறார். சோதனை வண்டியை அளந்து சீட்டு எழுதித் தரச் சொன்னார். எழுதினேன்.

உ
62 பின்
38 கால்
54 கை

62 பின் என்றால் தரையிலிருந்து கேரியர் மட்டம். 38 கால் என்றால் நான் கால் தாண்டும் நடுக்குழாயின் மட்டம். 54 கை, ஹேண்டிலின் அகலம். எல்லாம் அவருக்குத் தெரிந்தவைதான் என்பதால் விரித்து எழுதவில்லை.

மாவு அரைத்தேன். மகள் ஓசூரிலிருந்து பேசினாள். வேலையில் ஆள் குறைத்துவிட்டார்களாம், இவளுக்கு ஒன்றுமில்லையாம்.

ஆவணி 19, செவ்வாய், கிருத்திகை

இன்று மேலே சுழி போடவில்லை. காரணம் எழுதுகிறேன்.

வளைத்த பிரேம் வந்துவிட்டது என்று நேற்று ஆறுச்சாமியண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். காலையில் பொங்கல் வைப்பதற்கு முன் பட்டறைக்குப் போனேன். அழகாகத்தான் இருக்கிறது. வேலின் இலை மாதிரியே குழாய், மயில் கழுத்து நிறம். ஆனால் நடுக்குழாய் இறங்கவே இல்லை. ஹேண்டிலிலிருந்து நேராகச் சீட்டுக்கு அடியில் போகிறது. டேப்பை எடுத்து அளந்தேன். 62.

"நீ எழுதுனதுதான புள்ள. மேல உ-ன்னு போட்டு அறுவத்திரண்டுன்னு எழுதியிருக்கற. உயரம் அறுவத்திரண்டுன்னு எடுத்துட்டேன்."

38 கால் என்று எழுதியிருந்தேனே என்றேன். அதை ஸ்டாண்டுக் கால் என்று நினைத்துக்கொண்டாராம். 62-க்குப் பக்கத்தில் பின் என்று இருந்ததே என்று கேட்க வாயெடுத்தேன். சீட்டைப் பையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். என் கையெழுத்து. உ. அதன் கீழே 62. யார் படித்தாலும் உயரம் என்றுதான் படிப்பார்கள். என் தப்புத்தான்.

திரும்ப வளைக்க முடியாதாம், குழாய் வெடித்துவிடுமாம். வேறு குழாய் வாங்கி வளைக்க நாளும் இல்லையாம். ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று, ஆடுவதும் நின்றது, பார்க்கவும் அம்சமாக வந்துவிட்டது என்று அவரே என்னைத் தேற்றினார். என்னைத் திட்டவில்லை. அதையும் எழுதி வைக்க வேண்டும்.

ஆறுச்சாமியண்ணன் என்னைப் பார்க்காமல் கிரைண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

கோவிலுக்குப் போக முடியவில்லை. சோதனை வண்டியின் சக்கரங்களைக் கழற்றிப் புதியதில் மாட்டியிருக்கிறார்கள். போட்டி முடிந்ததும் திருப்பி மாட்டித் தருவதாகச் சொன்னார். பதினோரு வருஷத்தில் தவறிய முதல் கிருத்திகை. வைத்த பொங்கலைத் தெருவில் கொடுத்தேன்.

பிள்ளையாருக்குப் போடும் எழுத்தைக் கொண்டுபோய் இரும்பு அளவின் மேல் வைத்தது நான்தான். 21 தோப்புக்கரணம் போட்டேன். இனி எந்தச் சீட்டிலும் சுழி இல்லை. மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டால் போதும். மனசில் இருப்பதை யாரும் தப்பாகப் படிக்க மாட்டார்கள்.

ஆவணி 26, செவ்வாய்

அவர் வெளியே போயிருந்த நேரம் பட்டறையில் புது வண்டியில் ஏறிப் பார்த்தேன். நீலச் சேலையின் கரை ஒரு சாண் கிழிந்தது. தைத்துவிட்டேன்.

புரட்டாசி 1, திங்கள், பிள்ளையார் சதுர்த்தி

கொழுக்கட்டை 27. பூரணம் 18, உப்பு 9. நிமிர்ந்து பிள்ளையார் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. எருக்கமாலையைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்தே பூஜையை முடித்தேன்.

புரட்டாசி 13, சனி

கண்காட்சி. மாம்பழக் கலர்ப் பட்டுச்சேலையைக் கட்டச் சொன்னார். பயன்படுத்துகிற ஆளும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று விதியாம்.

பெரிய கூடம், குளிர்சாதனம். எல்லா வண்டியும் தரையில் நிற்க, நம்முடையது மட்டும் ஒரு மேடை மாதிரி உயரத்தில் நின்றது. கறுப்புப் பெயின்ட் அடித்த ஸ்டாண்டு, இரண்டு வளைவும் தாமரை விரிந்த மாதிரி வண்டியைத் தாங்கிப் பிடித்திருந்தன. போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். மயில் கழுத்து நிறம் விளக்கில் மின்னியது. நானும் கொஞ்ச நேரம் பெருமையாகத்தான் நின்றேன். மறைக்க ஒன்றுமில்லை.

நடுவர் ஒரு அம்மா, கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். பருத்திச் சேலைதான் கட்டியிருந்தார். பின் சக்கரத் தகட்டைத் தட்டிப் பார்த்து, காற்றுக்கும் சேலைக்கும் ஒரே தகடு ரெண்டு வேலை செய்கிறதே, யார் யோசனை என்று கேட்டார். குளித்துக்கொண்டிருக்கும்போது தோன்றியது என்றார் அவர். சாம்பிராணிப் புகையையும் சொன்னார். தூபக்காலைத் தானே பிடித்ததாகச் சொன்னார்.

பிறகு அந்த அம்மா என்னிடம் திரும்பினார். "நீங்க ஓட்டிப் பாத்தீங்களாம்மா?"

பக்கத்தில் நின்ற அவர் என்னைப் பார்த்தார்.

"ஓட்டுனனுங்க. ஆடிக் கிருத்திகைக்குக் கோவிலுக்குப் போனேன். ஏழு கிலோ போசியோட. பதினேழு நிமிஷமாச்சுங்க."

அந்த அம்மா அதை எழுதிக்கொண்டார். நான் பொய் சொல்லவில்லை. எந்த வண்டி என்று அந்த அம்மா கேட்கவில்லை. அவரும் சேலைதானே கட்டியிருந்தார், ஒரு தடவை காலைத் தூக்கிப் பார்த்திருக்கலாம்.

பயன்பாட்டுக்கு முப்பதுக்கு 27. மொத்தத்தில் முதல் பரிசு.

படம் எடுக்க வந்தவர், அம்மா ஏறி உட்காருங்க என்றார். அவளுக்குக் கூச்சமுங்க, பிடித்துக்கொண்டு நிற்கட்டும் என்று அவர் சொன்னார். பிடித்துக்கொண்டு நின்றேன். காது ஜிமிக்கியின் திருகு கழன்று விழுந்தது. தேடிக் குனிந்தபோது ஸ்டாண்டின் அடிப்பக்கம் தெரிந்தது. கறுப்புப் பெயின்ட் ஒரு சின்னப் பள்ளத்தில் தேங்கி உலர்ந்திருந்தது. விரலால் தடவினேன். உ.

வண்டியில் வரும்போது அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். "ஏனுங்க, அந்த வண்டிய அறுத்துட்டீங்களா?"

"அது கழிவு இரும்பு புள்ள. ஸ்டாண்டுக்கு அந்த வளைவு தோதா இருந்துச்சு."

திருகு கிடைத்துவிட்டது.

புரட்டாசி 14, ஞாயிறு

படம் செய்தித்தாளில் வந்திருக்கிறது. மனைவி படும் பாட்டைக் கண்டு உருவாக்கிய சைக்கிள் என்று போட்டிருக்கிறார்கள். மகள் பேசினாள். "ஏம்மா, உனக்குன்னு செஞ்ச வண்டிய ஜவுளிக்கடை பொம்மையாட்டம் புடிச்சுட்டு நிக்கற, ஏறி உக்காந்திருக்கலாமில்ல?" பட்டுச்சேலை கசங்கிவிடும் என்றேன்.

புரட்டாசி 15, திங்கள், கிருத்திகை

நடந்தேன். 54 நிமிஷம். சின்னப் போசி. குருக்கள் சைக்கிள் எங்கே என்று கேட்டார். சக்கரம் இல்லை என்றேன். ஓடைக்கு அந்தப் பக்கம் இரண்டு புங்க மரத்தில் ஒன்றை வெட்டிவிட்டார்கள்.

புரட்டாசி 22, திங்கள்

சிலிண்டர் மாற்றினேன். 44 நாள் வந்திருக்கிறது.

புரட்டாசி 27, சனி

ஆறுச்சாமியண்ணன் வீட்டுப்பக்கம் வந்தார். உள்ளே வரவில்லை. வளைக்கிற பட்டறைக்கு அன்றைக்கு அவரும் கூடப் போயிருந்தாராம். "நான் சொன்னனுங்க அம்மிணி" என்று ஆரம்பித்தார். நான் மோர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனேன். கொண்டுவந்து கொடுத்ததைக் குடித்துவிட்டு டம்ளரை வாசல் திண்டில் வைத்தார். அதோடு கிளம்பிவிட்டார்.

ஐப்பசி 4, சனி

திங்களன்று பட்டறையில் ஆயுத பூஜை. பரிசு வாங்கிய வண்டிக்குத்தான் முதல் ஆரத்தியாம், ஆட்கள் வருகிறார்களாம். எழுபது பேருக்குச் சுண்டலும் வடையும் என்றார். போன மாதச் சாமானை வாயாலேயே சொல்லி அனுப்பியிருந்தேன்; இது நிறைய, அதனால் சீட்டு எழுதினேன். 25 அரிசி, 4 கடலை, 3 உளுந்து, 2 வெல்லம், பொரி பெரிய மூட்டை ஒன்று, இன்னும் பதினொன்று. மேலே ஒன்றும் போடாமல் அவரிடம் கொடுத்தேன்.

வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டே படித்தார். நின்றார்.

"ஏம் புள்ள, சுழி எங்க?"

ஈரக் கையை முந்தானையில் துடைத்தேன்.

"நல்ல நாளும் அதுவுமா புள்ளையார் சுழி போடாம சீட்டுக் குடுக்கற. போடு" என்று பேனாவை எடுத்து நீட்டினார்.

போட்டுக் கொடுத்தேன். வண்டி தெருமுனை தாண்டும் வரை நின்றேன். பிறகு உள்ளே வந்து, கம்பியில் குத்தி வைத்திருந்த பழைய சீட்டுகளைக் கழற்றிக் கூடத்தில் பரப்பினேன். 24 வருஷம், மாதத்துக்கு ஒன்று, 288. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மேலே உ. அதன் கீழே 25. அதன் பக்கத்தில் அரிசி.

ஒரு மாதம்கூட அவர் இருபத்தைந்து கிலோ உளுந்தோடு வந்து நின்றதில்லை.